காதுக் கணக்கு

வறுக்கும் உருளையின் அடியில் தீ நீலமாக எரிகிறது. புகைக்குழாய் அடைத்துக்கொண்டு மாதக்கணக்காகிவிட்டதால், ஜன்னல் வெயிலில் காப்பிக்கொட்டையின் உமி போக வழியில்லாமல் மிதக்கிறது. மருத்துவர் போடச் சொன்ன முகமூடி ஆணியில் தொங்குகிறது. வறுப்பவர் உருளையின் பக்கம் காதைச் சாய்த்து நிற்கிறார். கொட்டை சடசடவென்று வெடிக்கத் தொடங்கும் நொடியில் இறக்கிவிட வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. "காது இருக்கறவனுக்குக் கடிகாரம் எதுக்கு?" என்பார். இருபது வருஷத்தில் ஒரு ஈடுகூடத் தப்பியதில்லை. இதோ, சடசடவென்று கேட்கிறது. சட்டென்று தீயை அணைத்து, உருளையை நிறுத்தி, கொட்டையைத் தட்டில் சரிக்கிறார். அது வைக்கோல் நிறத்தில், அரைகுறையாகக் கிடக்கிறது. பொட்டலம் ஒட்டிக்கொண்டிருந்த மனைவி எழுந்து வருகிறாள். "என்னங்க, அதுக்குள்ள கொட்டிட்டீங்க?" "வெடிச்சுதே! உனக்குக் கேக்கலையா?" அவள் கொட்டையைப் பார்க்கவில்லை, ஏறி இறங்கும் அவர் மார்பைப் பார்க்கிறாள். உருளை நின்ற பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. "கேக்குதுங்க," என்கிறாள் மெல்ல. "நீங்க தூங்கும்போதும் கேக்குது."