உடைக்க வேண்டிய முத்திரை

ஒரே மனிதரின் சாவுச் செய்தியை ஒரே நாளில் எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்? அந்த ஷியா மதகுருவின் எழுத்தர் அன்று இரண்டு முறை கேட்டார். காலையில் வானொலி சொன்னது. மதியம் மருத்துவமனை அதை மறுத்தது. சாயங்காலம் குருவின் மகனே அலுவலகத்துக்கு வந்து நின்றார்.

"அப்பா போயிட்டாங்க மாமா. முத்திரையை உடைச்சிடுங்க."

குரு இறந்ததும், அவர் பேரில் வேறு யாரும் எழுதிவிடக் கூடாதென்று முத்திரையை உடைப்பது அவர்கள் வழக்கம்.

"காலையிலயும் இதையேதான் சொன்னாங்க தம்பி. உசுரோட இருந்துட்டா, அப்புறம் என் மூஞ்சியில முழிப்பாரா?"

"அப்பா கண்ணை நான்தான் என் கையால மூடினேன்."

மக்கள் கடிதத்தில் கேட்ட கேள்விகளுக்கு இருபத்தாறு வருஷம் குரு பதில் சொல்ல, இவர் எழுதி முத்திரை குத்தினார். "மெதுவாய்யா, காகிதம் அழுவுது" என்று அவர் கேலி செய்வார். அதை நினைத்துக்கொண்டே எழுத்தர் சுத்தியலை ஓங்கினார். முத்திரை மூன்று துண்டானது. மகன் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பதில் எழுதாத பதினேழு கடிதங்களை மேசையில் அடுக்கிவிட்டு, எழுத்தர் அறையைப் பூட்டிச் சாவியோடு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை அவர் பூட்டைத் திறந்தார். பதினேழு கடிதங்களுக்கும் எழுத்தரின் கையெழுத்திலேயே பதில் எழுதி, குருவின் அதே முத்திரை குத்தியிருந்தது. மை இன்னும் காயவில்லை.