ஒற்றை முகடு

"ஷூ பசையில ஹெக்சேன் கரைப்பான் இருந்தாலும், இந்தப் பழைய குழாயில அது எத்தில் அசிடேட்டோட ஒண்ணா கலந்துதான் சார் வெளிய வரும். பக்கத்து எந்திரத்துல இருக்கிற குழாயில போட்டாத்தான் பிரியும்" என்றாள் இளம் ஆய்வாளர் ஹேசுக்.

கொரியாவின் பூசான் நகரச் சோதனைக்கூடத் தலைவர் குவோன் எரிந்து விழுந்தார். "நீ பொறக்கிறதுக்கு முன்னாடியிருந்து இதுலதான் பாக்குறேன். ஷூ பசைன்னா திரையில கோடு ஒரே முகடாத்தான் எழும்பும். எத்தில் அசிடேட் மட்டும்தான். எனக்கே பாடம் எடுக்காத!"

வழக்கம்போல மதியம் விறுவிறுவென வெளியே கிளம்பினார். ஷூ கம்பெனி முதலாளியோடு விருந்தாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் தலை மறைந்ததும் அதே பசையைப் பக்கத்து எந்திரத்தில் செலுத்தினாள். திரையில் இரண்டு முகடுகள் எழுந்தன.

திரும்பி வந்தவரின் முகத்துக்கு நேரே தாளை நீட்டினாள். "ஹெக்சேன்! நரம்பை அரிக்கிற விஷம். யாருக்காக சார் மறைச்சீங்க?"

குவோன் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். அவர் சட்டைக் கையில் கஞ்சிக் கறை இன்னும் காயவில்லை.

"என் பொண்டாட்டி அந்தக் கம்பெனியிலதான் பசை தடவினா. இப்போ கையும் காலும் விளங்கல. தினம் மத்தியானம் நான்தான் போய் ஊட்டிட்டு வரேன்."

ஹேசுக் நீட்டிய தாளைத் தாழ்த்தினாள்.

"பசையில ஹெக்சேன் இருக்கான்னு டாக்டர் அப்பவே கேட்டாரும்மா. இருக்கவே இருக்காதுன்னு நான்தான் அடிச்சுச் சொன்னேன்."