நாற்பது மீட்டர் குழாய்

மாட்டு ஆஸ்பத்திரி மேசையில், வெள்ளைத் தட்டின் மேல், காலையில் செத்துப்போன காளையின் விதைகள் இரண்டும் கிடக்கின்றன. அவனை வளர்த்தவள் பக்கத்திலேயே நிற்கிறாள்; சேலைத் தலைப்பு இன்னும் வாயில்தான் இருக்கிறது. "ஒரு கன்னுகூட இல்லாம போயிட்டானே டாக்டர்" என்கிறாள். டாக்டர் மேலுறையை நீக்கி, விதையின் ஓரத்தில் ஒட்டிக்கிடக்கும் சுருளைக் கத்தி முனையால் தொட்டுக் காட்டுகிறார். "இது ஒரே குழாய்தான் அக்கா. பிரிச்சு நீட்டினா நாற்பது மீட்டர் வரும்." அவள் ஜன்னல் வழியே தெருமுனை வரைக்கும் கண்ணாலேயே அளக்கிறாள். சுருளின் அடிப்பக்கத்தைக் கீறியதும் பால்போல ஒரு துளி விந்து கசிகிறது. "உள்ள இருக்கிறவரைக்கும் அசையாது, தூங்குற மாதிரி. உசுரு இருக்கான்னு இப்பத் தெரிஞ்சுடும். இருந்தா, பசுவுக்கு ஊசி போட்டு இவனுக்குக் கன்னு எடுத்துடலாம்." வெதுவெதுப்பான மருந்துநீரில் அதைக் கலந்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியைத் திருகி அவளிடம் தள்ளுகிறார். அவள் குனிகிறாள். வெளிச்ச வட்டத்துக்குள் முதலில் வெறும் புள்ளிகள். அதில் ஒன்று வாலை உதறுகிறது. அப்புறம் நாலைந்து. பிறகு எண்ணி மாளாது. தொழுவத்துக் கதவைத் திறந்ததும் பாய்வானே அவன், அதே அவசரத்தில் வட்டம் முழுக்க முண்டியடித்து ஓடுகின்றன. வாசலில் காளையை ஏற்றிய டிராக்டர் உறுமுகிறது. "குழி தோண்டியாச்சு. கடைசியா ஒரு தடவை அவன் மூஞ்சியப் பாத்துக்க, வா" என்று புருஷன் கூப்பிடுகிறான். அவள் கண்ணை எடுப்பதாக இல்லை. "பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்கிறாள்.