முகம் காட்டாத கடை

“கடல் தாண்டி எவனோ பஞ்சர் ஒட்டுறதுக்கு நம்ம பணம்தான் கிடைச்சுதா?”

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேதான் கணவர் கேட்டார். ஃபேன் காற்றில் தாள் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு பழைய ஸ்பேனரை வைத்திருந்தார்.

அவள் கரண்டியைக் கழுவித் துடைத்து, சுவரில் அதற்கென்று வரைந்திருந்த கரண்டிப் படத்தின் மேல் மாட்டினாள். ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்ததும் மனுஷன் செய்த முதல் காரியம் இது. அங்கே டூல்ஸுக்குச் செய்த மாதிரியே, எது எங்கே தொங்க வேண்டுமோ, அங்கே அதன் உருவத்தைப் பெயிண்டால் வரைந்துவிட்டார். டீ வடிகட்டிகூடத் தப்பவில்லை. ஒரு சாமான் குறைந்தால் சுவரே காட்டிக்கொடுத்துவிடுமாம்.

“பஞ்சர் மட்டும் இல்லைங்க. முழு சைக்கிள் ரிப்பேர் கடை. அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாது. காய்கறி விக்கிறவங்க, பால் ஊத்துறவங்க, எல்லாருக்கும் சைக்கிள்தான். கடை மூடினா அத்தனை பேரும் நடக்கணும்.”

“நடக்கட்டும். உடம்புக்கு நல்லது.”

ஏழை நாடுகளில் இருக்கும் சின்னச் சின்னக் கடைகளில் சாதாரண ஜனங்களையும் பணம் போட வைக்கிற கம்பெனி அது. ஃபோனிலேயே கடையைத் தேர்ந்தெடுக்கலாம். மாதாமாதம் படம் வரும். ஆனால் கடைக்காரரின் முகத்தையும் பெயரையும் மட்டும் காட்ட மாட்டார்கள். முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுப் போடக் கூடாது, தொழிலைப் பார்த்துத்தான் போட வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு கொள்கை.

போன வருஷம் அவள் தன் சிறுவாட்டுப் பணத்தை அவருக்குத் தெரியாமல் அதில் போட்டாள். தெரிந்தபோது வீடு இரண்டுபட்டது. இப்போது புயலில் கடையின் கூரையே போய்விட்டது. இன்று சாயங்காலத்துக்குள் யாராவது பணம் போடாவிட்டால் கம்பெனி அந்தக் கடையைக் கைகழுவிவிடும். அவளிடம் மிச்சம் இருப்பது பேங்க் டெபாசிட். அது இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு பைசா நகராது.

“நம்ம ஊர்ல ஏழையே இல்லையா?”

“இருக்காங்க. எதிர் வீட்டுக்காரருக்குப் பெட்டிக் கடை வைக்கக் கொடுக்கலாம்னு சொன்னேன். ‘தெரிஞ்சவன், ஏமாத்திடுவான்’னு சொன்னீங்க.”

“தெரியாதவன் மட்டும் ஏமாத்த மாட்டானா?”

“பிச்சையா போடுறோம்? தொழில்ல போடுறோம். கடை நின்னுச்சுன்னா அவனும் பொழைப்பான், அவன்கிட்ட வேலை கத்துக்கிட்ட ரெண்டு பொம்பளைங்களும் பொழைப்பாங்க.”

“நீ என்ன, கம்பெனிக்கு ஏஜென்டா?” கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “லிஸ்ட்ல அத்தனை கடை இருக்கு. இந்த ஒண்ணையே ஏன் பிடிச்சுத் தொங்குறே?”

“மனசுக்குப் பட்டுச்சு, அவ்வளவுதான்.”

பொய் சொன்னால் விரலில் சொடக்கு எடுப்பது அவள் வழக்கம். எடுத்தாள். எடுத்த பிறகுதான் ஞாபகம் வந்து கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“சரி, ஃபோனைக் கொண்டா. படத்தைப் பார்ப்போம்.”

அவளுக்குப் பகீரென்றது. ஒரு வருஷமாக ஒரு தடவைகூடக் கேட்காத ஆள்! கூரை பிய்ந்து தார்ப்பாய் கட்டியிருந்த படத்தை மட்டும் காட்டிவிட்டு ஃபோனைத் திரும்ப வாங்கப் பார்த்தாள்.

“இரு, என்ன அவசரம்? கடைக்கு உள்பக்கம் எங்கே?”

“அதெல்லாம் இருட்டா இருக்கும்ங்க...”

அவரே தள்ளிப் பார்த்தார். படத்தைப் பெரிசாக்கினார். “காத்தடிக்கிற பம்பைக் கொண்டுபோய் வெயில்ல வெச்சிருக்கான் பாரு, மடையன். வாஷர் காஞ்சு போயிடாது?”

“சொல்லிடலாம்ங்க.”

“செயினை எண்ணெய்ல ஊறப் போட்டிருக்கான். அது சரி.” ஃபோனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவள் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று அங்கேயே நின்றாள்.

“அந்தப் பேங்க் பேப்பரை எடுத்துட்டு வா.”

அவளால் தன் காதையே நம்ப முடியவில்லை. ஓட்டமாக ஓடி எடுத்துவந்தாள். அவர் குறுக்குக் கேள்வி ஒன்றுகூடக் கேட்காமல் சரசரவென்று கையெழுத்துப் போட்டார்.

“திடீர்னு எப்படிங்க மனசு மாறுச்சு?”

“தொழிலைப் பார்த்துத்தானே போடச் சொன்னாங்க? பார்த்தேன்.”

கண்ணில் தண்ணீர் முட்டியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் பையைத் தோளில் மாட்டி, செருப்பில் காலை நுழைத்தாள். எங்கே மறுபடி மனசு மாறிவிடுவாரோ என்று பயம்.

“நில்லு.”

பேப்பர் மேலிருந்த ஸ்பேனரை எடுத்தார். தாள்கள் படபடவென்று அறை முழுக்கப் பறந்தன. அவர் அதைக் கவனிக்கவில்லை. வேட்டி நுனியால் ஸ்பேனரைத் துடைத்து அவள் கையில் வைத்தார்.

“இதையும் அனுப்பி வை. சுவத்துல ஒவ்வொரு ஸ்பேனருக்கும் படம் வரைஞ்சு மாட்டியிருக்கான், பன்னிரண்டாம் நம்பர் இடம் மட்டும் காலியா கிடக்கு” என்றார். “என்கூடச் சண்டை போட்டு, என் டூல்ஸையெல்லாம் வாரிக்கிட்டு ஓடுன அன்னைக்கு, நம்ம பையன் இதை மட்டும்தான் விட்டுட்டுப் போனான்.”