குகைக்குள் மைத்துனன்

குகையின் இருட்டுக் கோடியில் கருப்பாக ஒரு தலை மேலே வந்ததும் பனிகோஸ் மனதுக்குள் திட்டினான். நாளைக்கு ஒருநாள் படுக்கையை விட்டே எழுந்திருக்காதே என்று மைத்துனனிடம் நேற்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். கேட்டால்தானே.

"கடல்நாய்," என்றார் ஆன்ட்ருலா அம்மாள், ஆடும் படகில் மெல்ல எழுந்து நின்று. துறைமுக அலுவலகத்திலிருந்து குகையைச் சோதிக்க வந்த அதிகாரி அவர். பதினாறு வருடம் கோப்புகளையே பார்த்த கண்ணுக்கு இது புதுசு.

கிரேகோ முனையில் குகைக்குப் படகு விடுகிறவர்கள் ஒன்பது பேர். ஆனால் போன கோடையிலிருந்து பனிகோஸ் படகுக்கு மட்டும்தான் கூட்டம் முண்டியடித்தது. காரணம் அவன் மனைவியின் தம்பி சவ்வாஸ். கருப்பு ரப்பர் சட்டையும் தலைமூடியும் மாட்டிக்கொண்டு பாறைக்குப் பின்னால் காத்திருப்பான். படகு வந்ததும் கடல்நாய்போல் தலையைக் காட்டிவிட்டு முங்கிவிடுவான்.

பேர் பரவியது வினையாகிவிட்டது. கடல்நாய் அருகிவரும் விலங்கு, அது இருப்பது உண்மையானால் அந்தக் குகைக்குள் இனி எந்தப் படகும் போகக் கூடாது என்று அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. அம்மாள் இன்று ஒரு கையெழுத்துப் போட்டால் பனிகோஸின் பிழைப்பில் மண் விழும்.

தலை முங்கியது. பனிகோஸ் மனதுக்குள் எண்ணினான். இருபது எண்ணுவதற்குள் இருமிக்கொண்டு மேலே வருகிற ஆள், நூறு தாண்டியும் வரவில்லை. சிகரெட்டை விட்டுத் தொலைத்துவிட்டான் போலிருக்கிறது, அதிகாரிக்கு வித்தை காட்டுகிறான் என்று பல்லைக் கடித்தான்.

மறுபடி அது தலைகாட்டியபோது அம்மாள் பேனாவைத் திறந்துவிட்டார். இனி மானம் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"எழுதாதீங்க மேடம். அது கடல்நாய் இல்ல, என் மச்சான்."

அவர் நம்பாமல் பார்த்தார். பனிகோஸ் குகை அதிரக் கத்தினான்.

"டேய் சவ்வாஸ், நடிச்சது போதும், வெளியில வாடா. உங்க அக்காகிட்ட சொன்னேன்னா இன்னிக்கு உனக்குப் பட்டினிதான்."

தலை அவனை ஒரு தரம் நிதானமாகப் பார்த்தது. மூக்கைச் சிந்துவதுபோல் சத்தம் விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போனது.

"பாத்தீங்களா திமிர? எனக்குக் கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்படித்தான்."

அம்மாள் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. 'கடல்நாய் இல்லை, படகுக்காரரின் மைத்துனர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்தக் கூத்து இன்னொரு முறை நடந்தால் உரிமம் போய்விடும் என்றும் சொன்னார். பனிகோஸ் பெற்ற தாய்மேல் ஆணையிட்டான்.

கரையில் இறங்கும்போது மட்டும் அவர் முகம் கொஞ்சம் வாடியிருந்தது. "நெஜமாவே ஒண்ணு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

குகை தப்பியது. பனிகோஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன்னிடம் திட்டு வாங்கிய மைத்துனனுக்கு ஹலூமிப் பாலாடைக்கட்டியும் வறுத்த கணவாயும் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் ஆகிவிடலாம் என்று காப்பிக்கடைப் பக்கம் நடந்தான். நமக்கு முன்னால் எப்படி நீந்தி வந்தான் என்று ஆச்சரியப்படும்படி சவ்வாஸ் அங்கேயே உட்கார்ந்திருந்தான். கலைந்த தலை, கசங்கிய பைஜாமா, விரலிடுக்கில் சிகரெட், இருமல்.

"கோவத்துல கத்திட்டேன்டா, மனசுல வச்சுக்காத," என்று முதுகில் தட்டினான் பனிகோஸ். "ஆனா நூறு எண்ணுற வரைக்கும் மூச்சுப் பிடிச்ச பாரு, அசந்துட்டேன்."

சவ்வாஸ் தூக்கம் கலையாத கண்ணோடு அவனை நிமிர்ந்து பார்த்தான்.

"நான் இப்பத்தான் எழுந்து வரேன் மாமா, ரப்பர் சட்டை நேத்துலேருந்து அக்கா வீட்டுக் கொடியிலதான் காயுது."