கடைசி ஷாட்

“நைனா ஏழு மணி பஸ் ஏறட்டும். உடனே பையத் தூக்கிக்கினு கெளம்பிடலாம். நீ பைக்கோட தெருமுனைல நில்லு. நைனாக்கு மட்டும் தெரிஞ்சிது, அவ்ளோதான்!”

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் மோகனா போனில் கிசுகிசுத்தது, இந்தப் பக்கம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த அப்பா பன்னீர்செல்வத்தின் காதில் அட்சரம் பிசகாமல் விழுந்தது. பொத்தான் கைக்குச் சிக்காமல் நழுவியது.

மூத்தவள் பிரபாவும் இப்படித்தான் போனாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரே ஒரு பையோடு, மாகறல் கிராமத்து ஜானின் பைக்கில். ‘இனிமே இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது’ என்று அன்று ஊர் கேட்கக் கத்தியவர் இவர். அதற்கப்புறம் எத்தனை நாள் அந்த வாசலையே பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார் என்பது யாருக்கும் தெரியாது.

இப்போது இருப்பது இவள் ஒருத்தி.

பத்து நாளாகவே இவள் போக்கும் சரியில்லை. கூடத்தில் பின்பக்கமாக நடந்து பழகுகிறாள். எந்த ஊர் பாஷையென்றே தெரியாத பாட்டு ஒன்றை முணுமுணுக்கிறாள். கேட்டால், “காலேஜுக்கு வீடியோ எடுக்கறோம் நைனா” என்கிறாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவரோ பேயை ஒரு தடவை நேரிலேயே பார்த்தவர்.

மனைவி வசந்தகுமாரியிடம் வாயைத் திறந்தார். “நீ கெளம்புய்யா மொதல்ல, பஸ்ஸு பூடும்” என்று அவள் டிபன் பாக்ஸைக் கையில் திணித்தாள்.

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் அவர் சேல்ஸ்மேன். பஸ் ஏறினார், இருப்புக் கொள்ளவில்லை. திருப்புலிவனத்திலேயே இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து உத்திரமேரூருக்கே திரும்பினார்.

தெருவுக்குள் நுழைந்தார். தோளில் பையோடு மோகனா, வீட்டைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து தெருமுனைக்கு வந்துகொண்டிருந்தாள். அங்கே பைக்கில் ஒரு பையன், கையில் போனோடு.

“எங்கடி போற?” என்று பாய்ந்து பையைப் பிடுங்கினார். ஜிப் பிய்ந்து, உள்ளேயிருந்து ஒரு பழைய தலையணை தெருவில் விழுந்தது.

“ஐயோ நைனா, ஷூட்டிங்கு!”

பையன் பதறி இறங்கினான். “நான் தினேஷ்குமாரு சார், இவ க்ளாஸு. ஒரு வெளிநாட்டு ராக் வீடியோ பாத்தோம், எல்லாம் ரிவர்ஸ்ல போவும். அத்த மாதிரி எடுக்கறோம். இவ பாட்டையும் திருப்பிப் பாடிக்கினு, வூட்ட வுட்டுப் பின்னால நடந்து போவா. நாங்க படத்தத் திருப்பி ஓட்டினா, இவ வூட்டுக்கு வர்ற மாதிரி தெரியும்.”

“கதை வுடாத. காட்டு.”

போனில் படம் ஓடியது. ஏரிக்கரையில் மோகனா பாடிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் ஆடுகள் வாலை முன்னே விட்டுப் பின்வாங்கிப் போயின. பஸ் ஸ்டாண்டில் கிளாஸிலிருந்த டீ மேலே எழும்பி மாஸ்டரின் குவளைக்குள் போய் விழுந்தது. அந்த நிலைமையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியாக, அவர் வீட்டு வாசல். பால்காரர் மொபெட்டில் தெருவைக் கடந்து நேரே போனார். மஞ்சள் துப்பட்டாவால் தலையை மூடிய பெண், முதுகு மட்டும் தெரிய, படியருகே தயங்கி நின்றாள். பிறகு குனிந்து படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

சந்தேகம் போன இடத்தில் அழுகை வந்து உட்கார்ந்துகொண்டது.

“நல்லாத்தான் எடுத்துக்கீறீங்க” என்றார். “படத்துல திருப்பி ஓட்டிட்டீங்க, வந்துட்டா. நெசத்துல போனவ எங்க வர்றா? வந்தா, நான் இன்னா வெட்டியா போட்டுடுவேன்?”

தினேஷ்குமார் மோகனாவைப் பார்த்தான். மோகனா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த ஒரு ஷாட்ட மட்டும் திருப்பல நைனா, அக்கா உள்ளதான் கீது!”