ஏழு சீட்டு குறையுது

டின்னில் ஏழு சீட்டு குறைந்தது.

நொரீன் மறுபடியும் எண்ணினாள். முப்பத்தாறுதான். படம் பார்க்க வந்தவர்களோ நாற்பத்து மூன்று பேர். வாசலில் நின்று ஆளுக்கொரு சீட்டு கொடுத்தவளே அவள்தான்.

ஒமரு ஊர்த் திரைப்படச் சங்கத்தில் பேனா பிடித்து மார்க் போடும் வழக்கம் இல்லை. சீட்டின் ஓரத்தில் ஒன்று முதல் ஐந்து வரை அச்சடித்திருக்கும். படம் எந்த எண்ணுக்குத் தகுமோ அந்த இடத்தில் லேசாகக் கிழித்து, பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

இந்தத் தடவை அந்தக் கிழிசலை நம்பித்தான் நொரீனின் பதவி இருந்தது. பத்தொன்பது வருடமாகச் சங்கத்துக்குப் படம் தேர்ந்தெடுப்பவள் அவள். இப்போது லாக்லன் போட்டிக்கு வந்துவிட்டான். போன மாதம் அவன் படம், இந்த மாதம் அவள் படம். எதற்குச் சராசரி மார்க் அதிகமோ, அந்த ஆள்தான் அடுத்த வருடம் முழுக்கப் படம் தேர்ந்தெடுக்கலாம்.

லாக்லன் ஊர்த் தபால்காரன். விருதுகளை அள்ளிக் குவித்து, பார்ப்பவர் வயிற்றைக் கலக்கும் படங்கள்தான் அவனுக்கு உயிர். போன மாதம் போட்டதும் அந்த ரகம்தான். ஒரு குடும்பம் இரண்டே கால் மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடுகிறது. மேஜையில் ஒரு நாற்காலி மட்டும் காலி. அவ்வளவுதான் கதை.

"பேய் வந்தா பயம் இல்ல, நொரீன். அந்த நாற்காலில யாரு இருந்தாங்கன்னு ஒருத்தரும் வாயே திறக்கலையே, அதான் பயம். படம் முடிஞ்ச கையோட, டீக்குக் குடுக்கிற சீஸ் ரோல் தொண்டையில இறங்குச்சுன்னா அது படமே இல்ல" என்று எல்லோர் முன்னாலும் அடித்துச் சொன்னவன்.

இன்று நொரீன் போட்டது ஒரு பேக்கரிக்காரரும் காணாமல் போன அவருடைய நாயும் வரும் படம்.

"நாய் திரும்பி வந்துடும்னு போஸ்டர்லயே தெரியுதே!" என்று படம் தொடங்கும் முன்பே நக்கலடித்தான். நாலு பேர் சிரிக்கவும் செய்தார்கள்.

வாசலிலிருந்து டின்னைச் சமையலறைக்குத் தூக்கி வந்ததும் அவன்தான். இருபதடி தூரம் நடக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. வந்ததிலிருந்து ஒரு கை கோட்டுப் பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை.

மூடியைத் திறந்து ஏழெட்டுச் சீட்டை உருவ அரை நிமிடம் போதும். அது நொரீனுக்கு நன்றாகவே தெரியும்.

"லாக்லன், கொஞ்சம் இங்க வா."

வந்தான்.

"ஏழு சீட்டு குறையுது."

"யாராவது வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருப்பாங்க."

"பாக்கெட்ல என்ன?"

"ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லைன்னா கையை எடு."

அடுப்பருகே சீஸ் ரோலைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த மேவிஸ் திரும்பிப் பார்த்தாள்.

"என் படத்துக்கு விழுந்த அஞ்சையெல்லாம் உருவிட்டே. அப்படித்தானே? ஜெயிக்கிறதுக்கு இவ்வளவு கேவலமாவா இறங்குவே?"

"வேணாம் நொரீன். விட்டுடுங்க."

"விட மாட்டேன். இல்லைன்னா கமிட்டியைக் கூப்பிடுவேன்."

லாக்லன் கதவைச் சாத்தினான். பிறகு பாக்கெட்டிலிருந்து ஏழு சீட்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தான்.

நொரீன் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏழும் 'ஒன்று' என்ற எண்ணில் கிழிந்திருந்தன.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு சீட்டைத் திருப்பினாள். பின்பக்கம் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள். 'பத்தொன்பது வருஷமா ஒரே நாய்.'

இன்னொன்றில், 'இந்தம்மாவை யாராவது வீட்டுக்கு அனுப்பக் கூடாதா?'

மற்றவை அதைவிட மோசம்.

"மூடி சரியா மூடலை. தூக்கும்போது மேல இருந்தது கண்ணுல பட்டுடுச்சு" என்றான் லாக்லன். "மிச்சம் என்ன எழுதியிருக்குன்னு தேடிப் பாத்தேன். ராத்திரி நீங்க தனியா உக்காந்து இதையெல்லாம் படிப்பீங்களேன்னு..."

"இதை எடுக்கலைன்னா நீ ஜெயிச்சிருப்பியே?"

"ஜெயிச்சிருப்பேன். திரையில எவ்வளவு கொடுமை வேணாலும் பாப்பேன், நொரீன். கண் எதிர்ல ஒரு மனுஷி முகம் வாடறதை மட்டும் என்னால பாக்க முடியாது."

அவள் ஏழாவது சீட்டைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இதுல ஒண்ணுமே எழுதலையே? இதை ஏன் எடுத்தே?"

லாக்லன் காதைச் சொறிந்தான்.

"அது என்னோடது. படத்துக்கு ஒண்ணுதான். அதுல மாத்தம் இல்ல."

மேவிஸ் சிரித்துவிட்டாள். நொரீனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. இவனையா திருடன் என்றோம் என்று உடம்பே கூசியது.

"அட, அழாதீங்க நொரீன். கைக்குட்டை உங்க பையிலதானே இருக்கு? எடுத்துத் துடைச்சுக்கங்க" என்று மேவிஸ் பையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

நொரீன் அதை வெடுக்கென்று இழுத்து மடியில் இறுக்கிக்கொண்டு, சட்டைக் கையாலேயே கண்ணைத் துடைத்தாள்.

பையைத் திறக்க முடியாது. போன மாதம் லாக்லனின் படத்துக்கு விழுந்த சீட்டுகளில் ஒன்பது அதற்குள்தான் கிடந்தன. ஒன்பதும் ஐந்தில் கிழிந்தவை.